இலைக்கிளியும் இணையக் காவலும்

ப்ராக்ஸி சர்வர் என்பது ஒருவர் கேட்கும் இணையப் பக்கத்தை அவர் சார்பில் வாங்கித் தரும் இடைக் கணினி. கேட்பவர் ராஜபாளையத்தில் இருக்கலாம், இடைக் கணினி சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ இருக்கலாம். நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கு, இவர் அந்தக் கணினியோடு பேசுகிறார் என்பது தெரியும். அந்தப் பேச்சு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதற்கு அப்பால் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது தெரியாது. தடுக்கப்பட்ட தளத்தை எட்டுவதற்கு இது பழைய வழி. ஆனால் ஒரு கணினி ப்ராக்ஸியாக இயங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அதையும் தடுத்துவிடலாம். அதனால், கடந்த பதினைந்து ஆண்டுகளாக இந்தத் துறை ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது: ப்ராக்ஸியின் போக்குவரத்தை எல்லோருடைய போக்குவரத்தையும்போலத் தெரியவைப்பது எப்படி?

சாவடியில் நடப்பது

இந்த மாறுவேடத்தைப் புரிந்துகொள்ள, முதலில் காவலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்கான பாதை அங்கிருந்துதான் ஏறுகிறது. 1988ல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்கு அது ஒரு வாசல். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்கும் அதுவே வாசல். இப்படிப்பட்ட வாசலில் ஒருவரை உள்ளே விடாமல் நிறுத்தப் பல வழிகள் உண்டு. வழி கேட்கும்போதே தவறான பாதையைக் காட்டிவிடலாம். பாதையின் குறுக்கே மரத்தைப் போட்டு மறிக்கலாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, பதிலைப் பொறுத்துத் திருப்பி அனுப்பலாம். பையைத் திறந்து சோதிக்கலாம். எதுவும் கேட்காமல், நடையுடை பாவனையைப் பார்த்தே சந்தேகப்படலாம்.

இணையத்திலும் தடுப்பு இதே வரிசையில்தான் நடக்கிறது. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அதில் பொய் முகவரி கொடுத்தால் வாசகர் வேறெங்கோ போய் நிற்பார். இது முதல் வழி. மலிவானது, தாண்டுவதும் எளிது. குறிப்பிட்ட ஐபி முகவரிக்கான போக்குவரத்தையே வெட்டிவிடுவது இரண்டாவது வழி. ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் இந்தக் காலத்தில் இதனால் அக்கம்பக்கமும் சேர்ந்து அடிபடும். மூன்றாவது வழிதான் இன்று முக்கியமானது. குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பிலும், தொடக்கத்தில் உலாவி தான் தேடிவந்த தளத்தின் பெயரைப் பெரும்பாலும் வெளிப்படையாகவே சொல்கிறது. எஸ்என்ஐ எனப்படும் இந்தப் பெயர், ஒட்டிய உறையின் மேல் எழுதிய முகவரியைப் போன்றது. கடிதத்தைப் பிரிக்காமலே தபால்காரர் அதைப் படித்துவிடலாம். நான்காவதும் ஐந்தாவதும் ஆழ்ந்த பொட்டல ஆய்வு: சிறு சிறு பொட்டலங்களாக ஓடும் தரவின் உள்ளடக்கம், அளவு, வரிசை, நேர இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு அது என்னவென்று ஊகிப்பது.

இந்தியாவில் எது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை 2020ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற அந்த ஆய்வில், தடுக்கப்பட்டிருக்கக்கூடிய 4,379 தளங்கள் ஆறு இணைய நிறுவனங்களின் வலையமைப்புகளில் சோதிக்கப்பட்டன. ஆறிலும் ஒருசேரத் தடுக்கப்பட்டிருந்தவை 1,115 மட்டுமே. ஒரு நிறுவனம் டிஎன்எஸ்ஸைத் திரிக்கிறது, இன்னொன்று வேறு முறையைக் கையாள்கிறது. ஜியோ எஸ்என்ஐயைப் படித்துத் தடுப்பதும் அந்த ஆய்வில் பதிவானது. ஒரே நாட்டில், ஒரே தெருவில், ஒருவரின் கைபேசியில் திறக்கும் தளம் பக்கத்து வீட்டில் திறக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தடைகளுக்குச் சட்ட அடிப்படை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் அதன்கீழ் 2009ல் வந்த விதிகளும். 2015ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவைச் செல்லும் என்றது. அந்த விதிகளில் 16ஆவது, தடைக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தமிழ் வாசகர்கள் இதன் பொருளை 2025 பிப்ரவரியில் நேரில் கண்டார்கள். பிரதமரைக் கைவிலங்குடன் வரைந்த கேலிச்சித்திரம் விகடன் ப்ளஸ் மின்னிதழில் வெளிவந்த சில நாட்களில், பிப்ரவரி 15 அன்று, விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு கேலிச்சித்திரத்துக்காக முடங்கியது அந்த ஒரு பக்கம் அல்ல, முழுத் தளம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்குவது, தளத்தின் மீதான தடையை விலக்குவது என்ற ஏற்பாட்டுக்கு மார்ச் 6 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

எதையும் போலத் தோன்றாமல் இருப்பது

மாறுவேடத்தில் இரண்டு மரபுகள் உண்டு. எதைப்போலவும் தோன்றாமல் இருப்பது ஒன்று. வேறொன்றைப்போலத் தோன்றுவது மற்றொன்று.

முதல் மரபுக்குத் தூண்டுதலாக இருந்தவை 2011 வாக்கில் நேர்ந்த சிக்கல்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஈரான், அடையாளத்தை மறைக்கப் பல இடைக் கணினிகள் வழியே செல்லும் டோர் வலையமைப்பை ஒரே ஒரு விவரத்தைக் கொண்டு பிடித்தது. சாதாரண இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செல்லுபடியாகும். டோர் பயன்படுத்திய சான்றிதழின் ஆயுள் இரண்டு மணி நேரம். உள்ளே பேசியதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல், சான்றிதழின் தேதியைப் பார்த்தே இணைப்புகளை வெட்டினார்கள். டோர் குழுவினர் அன்றைக்கே ஆயுளை நீட்டிச் சரிசெய்தார்கள் என்றாலும், பாடம் நின்றது: பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பூட்டின் வடிவமே காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மருந்தாக வந்தவை, முதல் பைட்டிலிருந்தே எல்லாவற்றையும் ஒழுங்கற்ற எண்களாகக் குழப்பி அனுப்பும் முறைகள். டோர் பக்கத்தில் இவை ஒப்ஸ் வரிசையாக 2012 முதல் வந்தன; 2014ன் ஒப்ஸ்4 நீண்டநாள் நிலைத்தது. சீனத்தில் 2012ல் ஒரு நிரலாளர் புனைபெயரில் வெளியிட்ட ஷேடோசாக்ஸ் அதைவிடப் பரவலாகப் புழங்கியது. 2015ல் காவல்துறையின் அழுத்தத்தால் அவர் தன் நிரலை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அதற்குள் பிரதிகள் உலகெங்கும் போய்விட்டன.

இந்த மரபின் பலவீனம் மெதுவாகத்தான் வெளிப்பட்டது. சாதாரணப் போக்குவரத்தில் எங்காவது ஓர் ஒழுங்கு, படிக்கக்கூடிய ஓர் எழுத்து, தெரிந்த ஒரு தலைப்பு இருந்தே தீரும். முற்றிலும் ஒழுங்கற்றது இயல்பில் அரிது. வேட்டியும் சேலையுமாகத் திரண்டிருக்கும் தேரோட்டக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு வந்தால், அவர் யாரென்று தெரியாது. ஆனால் எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். 2021 நவம்பர் முதல் சீனத்தின் தடுப்பு அமைப்பு இதைப் பயன்படுத்தியது. இணைப்பின் முதல் பொட்டலத்தில் பூஜ்யங்களும் ஒன்றுகளும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்து, படிக்கக்கூடிய எழுத்துகளும் அறிந்த நெறிமுறையின் அடையாளமும் இல்லாவிட்டால், இணைப்பு வெட்டப்படும். இன்னதென்று தெரியவேண்டிய அவசியமே காவலருக்கு இல்லை. தெரிந்த எதுவுமாக அது இல்லை என்பதே போதுமான குற்றமாயிற்று.

வேறொன்றைப் போலத் தோன்றுவது

இரண்டாவது மரபுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஓர் உவமை இருக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் புதிதாக ஒரு கிளி அமர்கிறது. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு. பல மணி நேர வேலை. அழகில் குறையில்லை. ஆனால் பழத்தை நீட்டினால் அது கொத்தாது, கூப்பிட்டால் திரும்பாது. சந்நிதியில் அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. சாவடியில் நிற்கும் காவலரோ பழத்தை நீட்டித்தான் பார்ப்பார்.

2013ல் ஹூமன்சதர், புரூபேக்கர், ஷ்மடிகோவ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பும் கிளியைப் பற்றியதே: கிளி செத்துவிட்டது என்பது அதன் பொருள். ஸ்கைப் அழைப்பைப் போலவும் சாதாரண இணைய உலாவலைப் போலவும் நடித்த அன்றைய கருவிகளை அவர்கள் சோதித்தார்கள். உண்மையான ஸ்கைப், பேச்சோடு சேர்த்துப் பக்கவாட்டில் பல சிறு உரையாடல்களை நடத்தியது. நடிக்கும் கருவி அதைச் செய்யவில்லை. தவறாக ஒரு கோரிக்கை அனுப்பினால் உண்மையான வலைச் சர்வர் அதற்கேற்ற பிழைச்செய்தி தரும். நடிக்கும் சர்வர் விழித்தது. ஒரு மென்பொருளின் எல்லாப் பழக்கங்களையும், அதன் பிழைகள் உட்பட, வெளியிலிருந்து நகலெடுப்பது நடவாத காரியம் என்பது அவர்களின் முடிவு.

காவலர் பழத்தை நீட்டுவது கற்பனையல்ல. சந்தேகப்பட்ட சர்வருக்குத் தானே இணைப்பை ஏற்படுத்தி, அது எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்கும் முறையைச் சீனம் பல ஆண்டுகளாகக் கையாள்கிறது. ஷேடோசாக்ஸைப் பற்றி 2020ல் வெளியான ஓர் ஆய்வு இதை விவரித்தது. முதல் பொட்டலத்தின் நீளத்தையும் ஒழுங்கின்மையையும் கொண்டு சந்தேகப் பட்டியல் தயாராகிறது. பிறகு முன்பு பிடித்துவைத்த பொட்டலத்தையே திருப்பி அனுப்பியும் மாற்றி அனுப்பியும் சர்வரைச் சீண்டுகிறார்கள். அதன் மௌனம்கூட ஒரு பதில்.

ஆகவே அடுத்த தலைமுறைக் கருவிகள் நடிப்பதைக் கைவிட்டு, உண்மையான பொருளுக்குள்ளேயே புகுந்துகொண்டன. டோரின் மீக் என்ற கருவி, 2014ல் உறைக்குள் உறை வைத்தது: வெளியுறையில் கூகுள் அல்லது அமேசானின் முகவரி, உள்ளே உண்மையான இலக்கு. அதைத் தடுக்க வேண்டுமானால் கூகுளையே தடுக்க வேண்டும். இந்தக் கணக்கு தடுப்பவரிடம் பலித்தது. உறை கொடுத்தவரிடம் பலிக்கவில்லை. 2018 ஏப்ரலில் கூகுளும் அமேசானும் அந்த வசதியை மூடின. அதே மாதத்தில் ரஷ்யா டெலிகிராமைத் தடுக்கப் போய், அந்த இரு நிறுவனங்களின் ஒரு கோடியே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை முடக்கியது. தொடர்பே இல்லாத கடைகளும் சேவைகளும் தடுமாறின. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020ல் தடை விலக்கப்பட்டது.

2021ல் டோர் உலாவியின் முதன்மைப் பதிப்பில் சேர்ந்த ஸ்னோஃபிளேக் வேறொரு வழி எடுத்தது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உலாவிகளே சில நிமிடங்களுக்குத் தற்காலிக ப்ராக்ஸி ஆகின்றன. இடையிலான போக்குவரத்து, வீடியோ அழைப்புகள் செல்லும் அதே வழியில் செல்கிறது. ட்ரோஜன், விலெஸ், நைவ்ப்ராக்ஸி போன்றவை மிகச் சாதாரணமான மறைவிடத்தைத் தேர்ந்தெடுத்தன: பூட்டுக் குறியுடன் திறக்கும் அன்றாட இணையதளம்.

ஒரு சர்வரை அமைக்கும் வரிசை

அன்றாட இணையதளத்துக்குள் மறையும் இந்த வகைச் சர்வரின் அமைப்பில் ஒவ்வொரு படிக்கும், முன் சொன்ன ஏதேனும் ஒரு தோல்வி காரணமாக இருக்கிறது.

முதலில் இடம். தடை செல்லுபடியாகாத நாட்டில் மாத வாடகைக்கு ஒரு மெய்நிகர் சர்வர் எடுக்கப்படுகிறது. சிறிய அளவே சில பேருக்குப் போதும். அதன் ஐபி முகவரி ஏற்கெனவே தடைப் பட்டியலில் இருக்கக் கூடாது. அடுத்து ஒரு டொமைன் பெயர். எஸ்என்ஐயில் வெளிப்படையாகத் தெரியப்போவது அதுதான் என்பதால், கண்ணை உறுத்தாத பெயராக இருப்பது வழக்கம். அந்தப் பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் பெறப்படுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் இதை இலவசமாகத் தருகிறது. லட்சக்கணக்கான சாதாரணத் தளங்கள் பயன்படுத்தும் அதே வகைச் சான்றிதழ், ஈரானில் நடந்தது போன்ற விபத்துக்கு இடம் தராது.

பிறகு ஓர் உண்மையான இணையதளம். ஒரு தோட்டக்கலைக் குறிப்பேடோ ஊர்க் கோயில்களின் படத் தொகுப்போ இருக்கலாம். யார் வந்து பார்த்தாலும் திறக்க வேண்டும். அதற்குப் பின்னால், பூட்டுக் குறியுள்ள தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே 443ஆம் வாசலில் (போர்ட்), ப்ராக்ஸி மென்பொருள் அமர்கிறது. சரியான கடவுச்சொல்லோடு வரும் இணைப்பை அது வெளி இணையத்துக்குக் கொண்டுசெல்கிறது. கடவுச்சொல் இல்லாமல் வரும் எதையும், அது வழிதவறி வந்தவரானாலும் சீண்டிப் பார்க்கும் காவலரானாலும், இணையதளத்திடமே ஒப்படைக்கிறது. பிழைச்செய்தி உட்பட எல்லாப் பதிலும் உண்மையான வலைச் சர்வர் தருவது. இங்கே கிளி நிஜக் கிளி; பழத்தைக் கொத்தும்.

2023ல் வந்த ரியாலிட்டி என்ற முறை, சொந்த டொமைனும் சான்றிதழும் தேவையில்லாமல் செய்தது. அடையாளம் காட்டாத இணைப்புகளை அது வேறொரு புகழ்பெற்ற தளத்துக்கு அப்படியே கடத்திவிடுகிறது. சோதிப்பவருக்குக் கிடைப்பது அந்தத் தளத்தின் அசல் சான்றிதழ்தான்.

பயனரின் பக்கத்திலும் வேலை உண்டு. இணைப்பைத் தொடங்கும் முதல் வணக்கத்தில் ஒவ்வொரு உலாவியும் தன் விருப்பங்களைத் தனக்கே உரிய வரிசையில் அடுக்குகிறது. அது ஒரு கைரேகை. ப்ராக்ஸிச் செயலி தனக்கென ஒரு ரேகையோடு வந்தால் பிடிபடும். அதனால் அது குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸின் வணக்கத்தையே பயன்படுத்துகிறது. இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. பூட்டிய குழாய்க்குள் இன்னொரு பூட்டிய இணைப்பு ஓடும்போது, முதல் சில பொட்டலங்களின் அளவில் ஒரு தாளம் வெளிப்படுகிறது. அதைக் கொண்டே அடையாளம் காணலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவுகளைக் கலைத்து அந்தத் தாளத்தை மறைக்கும் முயற்சி தொடர்கிறது.

கடைசிப் படி பராமரிப்பு. மென்பொருளைப் புதுப்பித்தபடி இருப்பது, பயன்பாட்டுப் பதிவுகளைச் சேமிக்காமல் இருப்பது, அனுமதி இணைப்பைத் தெரிந்த சிலருக்கு மட்டும் தருவது. ஆளில்லாத ஒரு சிறு தளத்துக்கு ஒரே ஊரிலிருந்து நள்ளிரவு முழுக்க வீடியோ அளவுக்குத் தரவு ஓடினால், எந்த வேடமும் கலைந்துவிடும். பொதுவில் பகிரப்பட்ட சர்வர்கள் சில நாட்களில் தடைபடுவதற்கும், பத்துப் பேர் பயன்படுத்துபவை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கும் காரணம் இதுவே.

நம்பிக்கையும் சட்டமும்

ப்ராக்ஸி காவலை நீக்குவதில்லை. காவலர் நின்ற இடத்தில் வேறொருவரை நிறுத்துகிறது. இணைய நிறுவனம் முன்பு பார்த்ததை, இனி சர்வரை நடத்துபவர் பார்க்க முடியும். தளத்துக்குள் படிப்பது தெரியாவிட்டாலும் எந்தத் தளம் என்பது அவருக்குத் தெரியும். முழு இணைப்பையும் இதேபோல வேறொரு கணினி வழியே கொண்டுசெல்லும் சேவை விபிஎன்; யாரென்றே தெரியாதவர் அதை இலவசமாகத் தருவது இந்தக் காரணத்தால்தான் ஆபத்து. தடையைத் தாண்டுவதும் அடையாளத்தை மறைப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதற்கு டோர் போல மூன்று இடைக் கணினிகள் வழியே செல்லும் அமைப்பு வேண்டும்.

ப்ராக்ஸியோ விபிஎன்னோ பயன்படுத்துவதை இந்தியாவில் எந்த மத்தியச் சட்டமும் பொதுவாகத் தடை செய்யவில்லை. ஆனால் சூழல் இறுகியிருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, விபிஎன் நிறுவனங்களும் மெய்நிகர் சர்வர் வாடகைக்குத் தருவோரும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் விபிஎன் பயன்பாட்டுக்கே தற்காலிகத் தடை விதிக்கப்பட்டதுண்டு. மேலும், ப்ராக்ஸி வழியாகச் செய்த செயலுக்கும் நேரடியாகச் செய்ததற்கும் சட்டத்தின் முன் வேறுபாடு இல்லை.

வேடம் பலித்த இடமும் பலிக்காத இடமும்

இலங்கையில் 2007ல் தமிழ்நெட் தளம் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போது மீண்டும் முடக்கம். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, விபிஎன் இருக்கும்போது இப்படிப்பட்ட தடையால் பயனில்லை என்று எழுதினார். எழுதியதே விபிஎன் வழியாகத்தான். அன்றைக்கே தடை விலகியது.

காஷ்மீரில் நிலைமை வேறு. 2019 ஆகஸ்ட் 5 முதல் இணையம் முழுதாக நின்றது. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையற்ற முடக்கம் கூடாது, உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என்றது. அந்த மாதக் கடைசியில் 2ஜி வேகத்தில், அனுமதிக்கப்பட்ட சில நூறு தளங்கள் மட்டும் திறந்தன. தடைப் பட்டியலுக்குப் பதில் அனுமதிப் பட்டியல் வந்தால் சாதாரணத் தளத்தின் வேடமும் செல்லாது. பட்டியலில் உள்ள தளத்தின் வேடமே வேண்டும். அந்தத் தடுப்பு சரியாகச் செயல்படாததால் அங்கே விபிஎன் பரவியது. அதைப் பயன்படுத்தி சமூக வலைத்தளங்களில் எழுதியவர்கள் மீது பிப்ரவரியில் வழக்கும் பதிவானது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில்.

தென்கோடித் தமிழகம் கண்டது இவை எல்லாவற்றிலும் எளிய முறை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை; ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள சிவகிரி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர் மாவட்டம் உத்தரவில் இல்லை. மாவட்ட எல்லைக்கு வடக்கே இணையம் இருந்தது, தெற்கே இல்லை. டிஎன்எஸ் திரிப்பு, எஸ்என்ஐ வாசிப்பு, பொட்டல ஆய்வு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. வேடம் போட்டு நடக்க ஒரு பாதை இருந்தாக வேண்டும். அந்த நாட்களில் பாதையே இல்லை. ரியாலிட்டியோ ஸ்னோஃபிளேக்கோ சிவகிரியில் இருந்த ஒருவருக்கு ஒரு செய்தியைக்கூடக் கொண்டுவந்து சேர்த்திருக்காது. ராஜபாளையத்துக்கு வரும் பேருந்து சேர்த்திருக்கும்.